கொக்கு அண்ணனோட மஞ்சள் பூட்டு

பேய்னா ராத்திரியிலதான் வரும்னு யாரோ கதை கட்டி விட்டிருக்காங்க. நான் பார்த்தது பட்டப்பகல்ல. மத்தியானம் சாப்பிட்டு டிபன் பாக்ஸ் கழுவின கை ஈரம்கூடக் காயல, அந்த நேரத்துல. நம்பாதவங்க தாராளமா எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. என் கீழுதட்டுல நாலு தையல் போட்ட தழும்பு இருக்கு. அதை அழகுக்கு வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கோங்க.

நான் கரண்ட் கம்பெனி ஸ்டோர்ல பொறுப்பாளர். ஒயர், பல்பு, போல்ட்டு, நட்டுன்னு பெரிய கொட்டகை. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. கொட்டகையோட கடைசியில கம்பி வலை அடிச்ச ஒரு கூண்டு. அதுக்கு நாங்க வெச்ச பேரு 'பிணவறை'. பிணம் எதுவும் இருக்காது, பயப்படாதீங்க. எங்கயாவது கரண்ட் விபத்து நடந்தா, அந்த இடத்துல கிடைச்ச சாமானையெல்லாம் எடுத்து வந்து அதுக்குள்ளதான் வைப்போம். எரிஞ்ச ஒயர், உடைஞ்ச சுவிட்ச், அடிபட்டவனோட கையுறை, செருப்பு, எல்லாம். துடைக்கக் கூடாது. கழுவக் கூடாது. வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்க்கக் கூடாது. அரசாங்கத்துல இருந்து இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால பார்க்குற வரைக்கும் அது இருந்தபடியே இருக்கணும். இது சட்டம்.

சட்டம் சும்மா வரல. முன்னாடியெல்லாம் காலையில ஒருத்தன் செத்தா சாயங்காலத்துக்குள்ள எல்லாம் புதுசா மாட்டி, பளபளன்னு பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தா எல்லாம் அம்சமா இருக்கும். அப்புறம் என்ன, செத்தவன் மேல தப்புன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. செத்தவன் வந்து இல்லன்னு சொல்லப் போறானா?

அப்படித்தான் நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

எங்க லைன்மேன்கள்ல ஒருத்தருக்கு 'கொக்கு'ன்னு பேரு. நெட்டையா, ஒல்லியா இருப்பாரு. கம்பத்து மேல ஒத்தைக் காலை ஊனிக்கிட்டு நின்னபடி வேலை பார்ப்பாரு. நான் 'அண்ணே'ன்னுதான் கூப்பிடுவேன். என்னோட தம்பியை இந்த வேலையில சேர்த்து விட்டவரே அவருதான். தம்பி கம்பம் ஏறுறவன் இல்ல, அவன் சப்-ஸ்டேஷன்ல உட்கார்ந்து கரண்டை விடுறது நிறுத்துறது பார்க்குற ஆபரேட்டர். அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அவன் மட்டும்தான். நான் சோறு ஊட்டி வளர்த்த பையன்.

லைன்மேன் ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ரெண்டு பூட்டு இருக்கும். ரெண்டுக்கும் ஒரே சாவிதான். கம்பம் ஏறுறதுக்கு முன்னாடி, அந்த லைனுக்குக் கரண்ட் போற சுவிட்சை அணைச்சு, அதுல தன் பூட்டைப் போட்டுட்டு, சாவியைத் தன் உடம்புலயே வெச்சுக்குவாங்க. அவன் இறங்கி வந்து அவன் கையால திறந்தாத்தான் உண்டு. கடவுளே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. வேலை முடிஞ்சதும் பூட்டைத் திறந்து இடுப்புக் கொக்கியில மாட்டி, 'டக்'னு மறுபடி பூட்டிக்குவாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் கீழ நிக்குறவங்க "இறங்கியாச்சு!"ன்னு கத்துவாங்க. அதுக்கப்புறம்தான் கரண்ட் வரும்.

கொக்கு அண்ணன் பூட்டு மஞ்சள் கலர். கழுத்துல நூல்கயிறு, அதுல சாவி, சட்டைக்குள்ள. பூட்டைப் போட்டுட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பாரு. டக்... டக்... டக். "மூணு தடவை எதுக்குண்ணே?"ன்னு கேட்டா, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உன் அண்ணிக்கு, ஒண்ணு நம்ம சூப்பர்வைசருக்கு"ம்பாரு. சிரிப்போம்.

சூப்பர்வைசருக்கும் ஒரு பட்டப்பேரு இருந்துச்சு. 'அவசரம்'. அந்த ஆளுக்கு எல்லாமே அவசரம்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை பெரிய காத்து அடிச்சு ஊரே இருட்டு. கொக்கு அண்ணன் கம்பத்து மேல. ஏதோ ஒரு மில்லுக்காரன் சூப்பர்வைசரை போன்ல போட்டுத் தாளிச்சிருக்கான், இன்னும் கரண்ட் வரலையான்னு. அப்புறம் நடந்தது உங்களுக்கே புரியும். லைன்ல கரண்ட் வந்துடுச்சு.

சாமான் சேகரிக்க நான் வேன்ல போனப்போ அவரை இன்னும் இறக்கல. பெல்ட்டுல தலைகீழாத் தொங்கிட்டு இருந்தாரு. சட்டை மார்புல இருந்து இடுப்பு வரைக்கும் இல்ல. புகை வந்துட்டே இருந்துச்சு. ஒரு ஷூ கீழ மழைத்தண்ணியில கிடந்துச்சு. அதை எடுத்தேன், உள்ள சூடா இருந்துச்சு. வலது கையுறை கம்பியிலயே ஒட்டியிருந்துச்சு. அதை எடுக்கும்போது அது தனியா வரல... சரி, அது வேணாம். வாந்தி எடுத்தேன். எடுத்துட்டு, வாயைத் துடைச்சுட்டு, வேலையைப் பார்த்தேன். சட்டம் அதுதானே.

சுவிட்ச் இருக்குற இடத்துல சேத்துக்குள்ள என் கால்ல ஏதோ தட்டுச்சு. குனிஞ்சு எடுத்தேன். மஞ்சள் பூட்டு. அதோட வளையம் வெட்டப்பட்டிருந்துச்சு. வெட்டின இடம் வெள்ளி மாதிரி மின்னுச்சு, நடுவுல ஒரு கோடு. வெட்டின கட்டரோட பல்லு ஒரு இடத்துல உடைஞ்சிருக்கணும், அதான் அந்தக் கோடு. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ல சூப்பர்வைசர். அந்த ஆளு கண்ணு என் கையிலதான் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலமே போலீஸ் வந்து என் தம்பியைப் புடிச்சிட்டுப் போச்சு. "ஆபரேட்டர் யாரையும் கேக்காமக் கரண்டை விட்டுட்டான். லைன்மேன் பூட்டே போடல"ன்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்துட்டாரு. லாக்கப்புல தம்பி என் கையைப் பிடிச்சிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

"அக்கா, அவருதான் போன் பண்ணாரு. பூட்டு எடுத்தாச்சு, ஆளு இறங்கியாச்சு, விடுன்னாரு. நான் ரெண்டு தடவை கேட்டேன்க்கா."

"தெரியும்டா."

"என்னை நம்புவாங்களா?"

நம்புறதுக்கு இருந்தது அந்த வெட்டுப்பட்ட பூட்டு ஒண்ணுதான். அது கூண்டுக்குள்ள, ஒரு தகர டப்பாவுல, நான் சீல் வெச்சபடி. அது போச்சுன்னா என் தம்பி வாழ்க்கை போச்சு. எனக்கு இது தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும்.

கூண்டுக் கதவுல ரெண்டு பூட்டு தொங்கும். ஒண்ணு ஸ்டோரோடது, சாவி என்கிட்ட. இன்னொண்ணு அடிபட்டவனோடது. எங்க ஆளுங்க பழக்கம் அது. அடிபட்டவன் பொழைச்சு வந்தா அவனே வந்து திறப்பான். அவன் சாமானுக்கு அவனே காவல்னு ஒரு கணக்கு. கொக்கு அண்ணன் கூட வேலை பார்த்தவங்க அவரோட ரெண்டாவது மஞ்சள் பூட்டை அவர் பெட்டியில இருந்து எடுத்து வந்து, கண்ணைத் துடைச்சிக்கிட்டே கூண்டுல மாட்டி அமுக்கிட்டாங்க. சாவி ஆஸ்பத்திரியில இருந்து வரும்னு நினைப்பு. ஆஸ்பத்திரியில கேட்டா, குடுத்த பொருள்ல சாவியே இல்லன்னுட்டாங்க. சரி, இன்ஸ்பெக்டர் அம்மா வெள்ளிக்கிழமை வருவாங்க, அவங்க முன்னாடி வெட்டிக்கலாம்னு விட்டுட்டோம்.

வெள்ளிக்கிழமை மறுபடி காத்து, மழை. மறுபடி ஊர் முழுக்கக் கரண்ட் இல்ல. கரண்ட் கம்பெனி ஸ்டோர்லயே கரண்ட் இல்ல, கேவலம். ஜெனரேட்டரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆளுங்க எல்லாம் லைன் பார்க்கப் போயாச்சு, வாட்ச்மேன் மட்டும் கேட்டுல. வழியில மரம் விழுந்திருக்கு, இன்ஸ்பெக்டர் வர லேட்டாகும்னு தகவல். நான் கதவைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு, டார்ச்சை மேஜை மேல நிறுத்தி வெச்சுட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பத்தான் முதல்ல கேட்டுச்சு.

டக்.

எலின்னு நினைச்சேன். எங்க ஸ்டோர் எலிங்க ஆள் உசரம்.

டக்... டக்.

எலி இல்ல. இரும்பு மேல இரும்பு. சத்தம் கொட்டகையோட கடைசியில இருந்து வந்துச்சு.

டார்ச்சை எடுத்துட்டுப் போனேன். தைரியம்னு நினைக்காதீங்க. தம்பியோட உயிர் அந்தக் கூண்டுல இருக்கு, போகாம என்ன பண்றது? ரெண்டு பூட்டும் இருந்துச்சு. என் பூட்டு அசையாம இருந்துச்சு. மஞ்சள் பூட்டு மட்டும் லேசா... ஆடிட்டு இருந்துச்சு.

காத்துன்னு சொல்லிக்கிட்டேன். ஜன்னல் இல்லாத கொட்டகையில, காத்து.

அப்புறம்தான் வாசனை. தலைமுடி கருகுற வாசனை. உள்ள டார்ச் அடிச்சேன். தட்டுல அந்தக் கையுறை இருந்துச்சு. நான் அதை உள்ளங்கை கீழ இருக்குற மாதிரி வெச்சிருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம், உள்ளங்கைப் பக்கம் பார்க்க முடியாமத்தான் அப்படிக் கவிழ்த்தி வெச்சேன்.

இப்போ அது மல்லாந்து கிடந்துச்சு. விரல் மடங்கி இருந்துச்சு.

மெதுவாப் பின்னாடி நகர்ந்தேன். அலமாரியில கரண்ட் இருக்கான்னு பார்க்குற டெஸ்டர் ஒண்ணு தொங்கும். கரண்ட் பக்கத்துல போனா பீப் அடிக்கும். அதுல பேட்டரி தீர்ந்து போய் ஒரு மாசம் ஆச்சு. புது பேட்டரி கேட்டு நானே எழுதிப் போட்டிருந்தேன்.

பீப்... பீப்... பீப்...

என் கையில இருக்குற முடியெல்லாம் எழுந்து நின்னுச்சு. "அண்ணே..."ன்னு வாயில தன்னால வந்துச்சு. டெஸ்டர் உடனே நின்னுடுச்சு.

அந்த நேரத்துலதான் வெளிய ஜீப் சத்தம்.

சூப்பர்வைசர் உள்ள வந்தாரு. மழையில நனைஞ்சு, கண்ணு சிவந்து. பின்னாடி கதவைச் சாத்தித் தாழ் போட்டாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு.

"சாவியைக் குடு."

"இன்ஸ்பெக்டர் வராம திறக்க முடியாது சார்."

"ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? அவசரம். அந்த டப்பாவை மட்டும் எடுத்துட்டுப் போயிடுறேன். உன் தம்பிக்கு நல்ல வக்கீலா நானே பார்த்துத் தர்றேன்."

"அந்த டப்பாதான் சார் என் தம்பிக்கு வக்கீல்."

அறைஞ்சாரு. நான் எதிர்பார்க்கல. மேஜை விளிம்புல வாய் போய் இடிச்சுது. உதடு கிழிஞ்சு ரத்தம் மோவாய் வழியா ஊத்துச்சு. எழுந்திரிக்கறதுக்குள்ள முடியைக் கொத்தாப் புடிச்சு, இன்னொரு தடவை மேஜையிலயே இடிச்சாரு. காது கொய்யுன்னுச்சு. இடுப்புல சொருகியிருந்த சாவியைப் பிடுங்கிட்டு, வயித்துல ஒரு உதை. பொம்பளைன்னும் பார்க்கல, மனுஷின்னும் பார்க்கல. பாவி.

தரையில கிடந்தபடி பார்த்தேன். அந்த ஆளு கூண்டுக்குப் போய் என் பூட்டைத் திறந்தாரு. மஞ்சள் பூட்டைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் நின்னாரு. ஆயிரம் மஞ்சள் பூட்டு ஸ்டோர்ல இருக்கு, சாதாரணப் பூட்டுன்னு நினைச்சிருப்பாரு போல. எங்க ஆளுங்க பழக்கம் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்குறவருக்கு எங்க தெரியும்? திரும்பி வந்து, கொண்டு வந்த சாக்குப்பையில இருந்து ஒரு பெரிய கட்டரை எடுத்தாரு. டார்ச் வெளிச்சத்துல அதோட பல்லு தெரிஞ்சுது. நடுவுல ஒரு இடம் உடைஞ்சிருந்துச்சு.

"சார்... வேணாம். அது கொக்கு அண்ணன் பூட்டு."

கை ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் சிரிச்சாரு.

"செத்தவனுக்கு எதுக்குடி பூட்டு?"

கட்டரோட வாயைப் பூட்டு வளையத்துல வெச்சாரு.

பீப்.

"என்ன சத்தம் அது?"

பீப் பீப் பீப் பீப்...

"நிறுத்துடி அதை!"

நான் தொடவே இல்ல. எனக்கும் அலமாரிக்கும் நடுவுல பத்தடி தூரம். பூட்டு தன்னால இழுபட்டுச்சு. கட்டரோட சேர்த்து. அந்த ஆளோட கையோட சேர்த்து.

டக்.

டக்.

டக்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் கட்டரை அமுக்கினாரு.

நீலமா வெடிச்சுது.

கண்ணு போச்சுன்னு நினைச்சேன். திறந்து பார்த்தா அந்த ஆளு நின்னுட்டுத்தான் இருந்தாரு. விழல. விழ முடியல. கரண்ட் புடிச்சா விடாது, தெரியுமில்ல? கை கட்டரோட ஒட்டிப் போயிருந்துச்சு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி முறுக்கிட்டு நின்னுச்சு. வாய் திறந்திருக்கு, சத்தம் வரல. நாக்கைக் கடிச்சதுல ரத்தம் மட்டும் நுரையோட வந்துச்சு. ஷூ அடியில இருந்து பட்டாசு மாதிரி பட் பட்டுன்னு... உள்ளங்கையில இருந்து புகை. தோல் கொப்புளிச்சு, வெடிச்சு, சுருண்டு...

ஊர் முழுக்கக் கரண்ட் இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

கையுறை தட்டுல இல்ல.

அது வலை ஓட்டை வழியா வந்து கட்டரோட வாயைப் புடிச்சிருந்துச்சு.

உள்ள கை இல்ல. ஆனா விரல் இறுகுச்சு.

சாகட்டும்னு ஒரு மனசு. பொய் சொல்லல, சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அடுத்த நொடி உறைச்சுது. இந்த ஆளு செத்துட்டா? பூட்டின கதவுக்குள்ள நானும் ஒரு பிணமும். தம்பி ஒரு கொலைகாரன், அக்கா ஒரு கொலைகாரின்னு முடிச்சிடுவாங்க. உண்மையைச் சொல்ற வாய் ஒண்ணுதான் இருக்கு, அது இதோ வெந்துட்டு இருக்கு.

சுவத்துல கம்பியைத் தள்ளுற நீளமான ஃபைபர் கோல் சாத்தியிருந்துச்சு. கரண்ட் பாயாது அதுல. எடுத்து ரெண்டு கையாலயும் ஓங்கி அந்த ஆளோட மணிக்கட்டுல அடிச்சேன். எலும்பு முறியுற சத்தம் கேட்டுச்சு. கை விடல. மறுபடி ஓங்கினேன்.

கோல் கீழ வரல.

மேல யாரோ புடிச்சிருந்தாங்க.

இழுத்தேன். அங்க இருந்தும் இழுபட்டுச்சு. பலமா இல்ல. சின்னப் பிள்ளைகிட்ட இருந்து கத்தியை வாங்குற மாதிரி, பொறுமையா.

நிமிர்ந்து பார்க்கல. சத்தியமா பார்க்கல. என் நெத்தியில மேல இருந்து ஒரு சொட்டு விழுந்துச்சு. சூடா.

"அண்ணே..."

மூச்சு விடுற சத்தம். தலைக்கு மேல. தலைகீழா.

"அண்ணே, விட்டுடுங்கண்ணே. இவனுக்காகச் சொல்லல. என் தம்பிக்காக. நீங்க சேர்த்து விட்ட பையன்ணே. இவன் உயிரோட இருந்து வாயைத் திறக்கணும்ணே..."

புகை. டெஸ்டர் சத்தம். வேற ஒண்ணும் இல்ல.

"உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்..."

எங்க தொடுறது? கால் மேலதானே இருக்கு.

டெஸ்டர் நின்னுச்சு.

கோல் என் கையில லேசாயிடுச்சு. அந்த ஆளு வெட்டின மரம் மாதிரி பின்னாடி விழுந்தாரு. விழுந்ததும்தான் அலறல் வந்துச்சு. அப்படி ஒரு அலறலை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல. அந்த அலறலுக்கு நடுவுல கூண்டுப் பக்கம் சின்னதா ஒரு சத்தம். கிளிக். பூட்டுக்குள்ள சாவி திரும்புற சத்தம்.

மஞ்சள் பூட்டு வாயைத் திறந்துட்டுத் தொங்கிட்டு இருந்துச்சு.

அலறல் கேட்டு வாட்ச்மேன், அப்பத்தான் வேன்ல திரும்பி வந்த ஆளுங்களைக் கூட்டிட்டு ஓடி வந்தான். நான் தாழைத் திறந்தேன். அந்த ஆளைப் போர்வையில சுத்தி வேன்ல தூக்கிப் போட்டாங்க. "அக்கா, நீயும் வா, ரத்தம் கொட்டுது"ன்னாங்க. வர மாட்டேன்னுட்டேன். கூண்டுக் கதவுக்குக் குறுக்கால கோலைப் போட்டுட்டு அங்கயே உட்கார்ந்தேன். எதையும் யாரும் தொடக் கூடாது, கட்டர் கிடந்தது கிடந்தபடி, பூட்டு தொங்கினது தொங்கினபடி. சட்டம் எனக்கு மனப்பாடம். கையுறையைப் பார்த்தேன். தட்டுல இருந்துச்சு. கவிழ்ந்து.

இன்ஸ்பெக்டர் அம்மா பொழுது சாயுற நேரத்துக்கு வந்தாங்க. கோபக்காரி, ஆனா நேர்மை. என் உதட்டைப் பார்த்தாங்க, கட்டரைப் பார்த்தாங்க, டப்பாவுல இருந்த பூட்டைப் பார்த்தாங்க. தொங்குற பூட்டைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. அதுலயும் அதே கோடு. ஒரே கட்டர், ஒரே உடைஞ்ச பல்லு. அந்த ஆளே கொண்டு வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

"ஆனா இந்தப் பூட்டு வெட்டுப்படல. கடிபட்டிருக்கு, அவ்வளவுதான்," அவங்க சொன்னாங்க. "இதை யாரோ சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி யார்கிட்ட?"

தெரியலைன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. கூட வேலை பார்த்தவங்கள்ல எவனோ சாவியை வெச்சுக்கிட்டு ஒளிச்சு விளையாடுறான்னு நினைச்சாங்க. நானும் கொஞ்ச நாள் அப்படி நினைச்சுத் தூங்கினேன். கரண்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. கன்ட்ரோல் ரூம்ல விசாரிச்சாங்க. அந்தப் பக்கம் ஒரு லைன்லயும் அப்போ கரண்ட் இல்ல. பதில் இல்லாத கேள்வின்னு விட்டுட்டாங்க.

சூப்பர்வைசர் பொழைச்சாரு. ரெண்டு கையையும் முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. மயக்கம் தெளிஞ்சதும் யாரும் கேக்காமலே சொன்னாராம். "நான்தான் வெட்டினேன். மேல பார்க்காம வெட்டிட்டேன். நான்தான் போன் பண்ணேன். அவனை இறங்கச் சொல்லுங்க... இறங்கச் சொல்லுங்க..." நர்ஸுங்க கூரையை நிமிர்ந்து பார்த்தாங்களாம். அங்க ஃபேன் மட்டும்தான் இருந்துச்சாம்.

கேஸ் இழுத்துச்சு. தீர்ப்பு அன்னைக்குக் கோர்ட்டுல நான், குற்றவாளிக் கூண்டுல தம்பி, கடைசி பெஞ்சுல கொக்கு அண்ணனோட மனைவி. மேஜை மேல சாட்சிப் பொருள். வெட்டுப்பட்ட பூட்டை எல்லாரும் பார்த்தாச்சு. திறந்த பூட்டுக்கு போட்டோவே போதும்னு, அந்தக் கவரைப் பிரிக்கவே இல்ல. இன்ஸ்பெக்டர் அம்மா வெச்ச சீல் அப்படியே இருந்துச்சு. ஜட்ஜ் வாசிச்சாரு. ஆபரேட்டர் மேல குத்தம் இல்ல, விடுதலை.

டக்.

மேஜையில இருந்து. பேனா விழுந்துச்சுன்னு நினைச்சுக் குமாஸ்தா கீழ குனிஞ்சு தேடினான். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்துல ரத்தமே இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

எல்லாம் முடிஞ்சு பொருளைத் திருப்பிக் குடுக்கும்போது இன்ஸ்பெக்டர் அம்மா என் முன்னாடிதான் சீலை உடைச்சாங்க. போட்டோவுல வாயைத் திறந்திருந்த பூட்டு, கவருக்குள்ள பூட்டியிருந்துச்சு. அந்த அம்மா எதுவும் எழுதாம அதை என் கையில வெச்சுட்டுப் போயிட்டாங்க.

வராந்தாவுல அண்ணி நின்னுட்டு இருந்தாங்க. பூட்டைக் குடுத்தேன். "சாவி மட்டும் கிடைக்கவே இல்ல அண்ணி. எவனோ வெச்சிருக்கான்."

அண்ணி கைப்பையைத் திறந்தாங்க. காகிதத்துல மடிச்ச ஒரு சின்னக் கட்டி. கறுப்பா, உருகி, புளியங்கொட்டை அளவு.

"சாவி எங்கயும் போகலம்மா," அண்ணி சொன்னாங்க. "அவர் நெஞ்சுலயே ஒட்டிப் போச்சு. டாக்டர் அதை ஏதோ டாலர்னு நினைச்சாரு. பிச்சு எடுத்தா சதையோட வரும்னாரு. வேணாம், அவரோடயே போகட்டும்னுட்டேன். சாம்பல் குடுத்தப்போ இது இருந்துச்சு."

வாங்கிப் பார்த்தேன். பல்லும் இல்ல, துளையும் இல்ல. வெறும் கட்டி. அவரை எரிச்சது புதன்கிழமை. கூண்டுப் பூட்டு திறந்தது வெள்ளிக்கிழமை.

தம்பி பக்கத்துல வந்தான். அண்ணி கையில இருந்த பூட்டை வாங்கி மூணு தடவை இழுத்துப் பார்த்தான். நல்லா பூட்டியிருந்துச்சு.

"வாக்கா, வீட்டுக்குப் போலாம்," மெதுவாச் சொன்னான். "அண்ணன் இறங்கியாச்சு."